வெரோனிகா டீச்சரோட ஒரிஜினல்

வேலைக்குச் சேர்ற டீச்சருங்ககிட்ட படிச்ச சர்டிபிகேட் அத்தனையையும் வாங்கி பீரோவுல வச்சிப் பூட்டிக்கிறாங்களே சில ஸ்கூல்காரங்க, அது எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு யாராவது எனக்குக் காட்டுங்க. பதிமூணு வருஷமா நெல்லித்தோப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பாஸ்போர்ட், பான் கார்டு, ஸ்காலர்ஷிப், விசான்னு ஊர்ல இருக்குற எல்லா ஃபாரமும் என் கம்ப்யூட்டர் வழியாதான் போவுது. இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தச் சட்டத்தைக் கொண்டாந்து காட்டல. வருஷ நடுவுல டீச்சர் வேற வேலைக்கு ஓடிடக் கூடாதாம், அதுக்குத்தான் அந்தப் பூட்டு. ஆளைக் கயித்துல கட்டி வச்சா தப்பாம், சர்டிபிகேட்டைப் புடிச்சி வச்சா நிர்வாகமாம்.

வெரோனிகா டீச்சரைப் பத்திச் சொல்லணும்னா எனக்கு இங்கிருந்துதான் ஆரம்பிக்க வரும். கோவத்தை இறக்கி வச்சிட்டு நிதானமாச் சொல்லுன்னு எங்க வீட்டுக்காரர் முதஸ்ஸிர் சொல்வாரு. நிதானமெல்லாம் எனக்கு ஒத்து வராது.

வெரோனிகாவோட அப்பா குருசுக்குப்பத்துல மீன்புடி போட்டுக்கு இன்ஜின் ரிப்பேர் பாத்தவரு. அந்த வீட்டுல எம்.எஸ்சி. வரைக்கும் போன மொத ஆளு இவதான், அதுவும் கணக்குல. அப்புறம் பி.எட். இந்தப் படிப்பெல்லாம் முடிச்சது கல்யாணத்துக்கு அப்புறம். உழவர்கரையில லேத் பட்டறையில வேலை பாக்குற ரிச்சர்டைக் கட்டிக்கிட்டு எங்க தெருவுக்கு வந்தா. என்னைவிட ஏழு வயசு சின்னவ. வந்த நாள்ல இருந்து "கரீமாக்கா"தான். நான் கோவத்துல "வெரோ"ம்பேன், கிண்டலுக்கு "டீச்சர்"ம்பேன்.

அவ வேலை பாத்த ஸ்கூல் பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். பதினோரு வருஷம் அங்க கணக்கு எடுத்தா. கணக்கு மட்டுமா எடுத்தா? பிள்ளைங்களை ஸ்கூல் பஸ்ஸுல ஏத்தி எறக்க காலையில பஸ் ட்யூட்டி, சாயங்காலம் பஸ் ட்யூட்டி. மே மாசம் ஊரே ஃபேனுக்குக் கீழ படுத்துக் கெடக்கும்போது இவ உழவர்கரை காலனியில வீடு வீடா ஏறி எறங்கி "எங்க ஸ்கூல்ல சேத்து விடுங்க"ன்னு நோட்டீஸ் குடுக்கணும். ஆண்டு விழான்னா அன்னிக்கு சேர் தூக்கணும். மொத வருஷம் தற்காலிகம்னு எழுதிக் குடுத்தாங்க, பதினோராவது வருஷமும் தற்காலிகம்தான்.

ஆனா கிளாஸுல அவளைப் பாக்கணும். என் பொண்ணு லமீஸ் அந்த ஸ்கூல்லதான் படிச்சா. எட்டாவதுல கணக்குப் பரீட்சைன்னா காலையில வயித்து வலி வந்துடும் அவளுக்கு. ஒன்பதாவதுல வெரோனிகா வந்தா. "தப்பாப் போட்டதை அழிக்காத, எந்த வரியில தப்பாச்சின்னு மட்டும் எனக்குக் காட்டு"ன்னு சொல்லுவாளாம். அவ்ளோதான் அவ வித்தை. பத்தாவதுல லமீஸ் தொண்ணூத்தி ஒண்ணு. இன்னிக்கு அவ காலேஜுல புள்ளியியல் படிக்கிறான்னா அது யாரால? அதனால வெரோனிகாவுக்கு ஒண்ணுன்னா எனக்குப் பொறுக்காது. அதைப் புரிஞ்சிக்கிட்டு மீதியைக் கேளுங்க.

போன ஆகஸ்ட்ல சீஷெல்ஸ் வேலை வந்துச்சி. சீஷெல்ஸ்னா ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல கடலுக்குள்ள இருக்குற தீவு நாடு. அங்க ஒரு ஸ்கூலுக்கு கணக்கு டீச்சர் வேணும்னு விளம்பரம் வந்திருந்தது. நான்தான் பாத்தேன், நான்தான் அவளைப் புடிச்சி உக்கார வச்சி ஃபாரம் போட்டேன். ஆன்லைன் இன்டர்வியூ எங்க கடையிலதான் நடந்துச்சி. ஷட்டரைப் பாதி எறக்கிட்டு, ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திட்டு, வர்றவங்களை எல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பினேன். கேள்வி கேட்ட அந்த ஸ்கூல் அம்மா பிரெஞ்சு தெரியுமான்னு கேட்டாங்க. இவ கான்வென்ட்ல படிச்ச பிரெஞ்சுல நாலு வரி பேசினா. அந்தம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

வேலை கெடைச்சிடுச்சி. அங்க ஒரு கிளாஸுக்கு இருவத்திரண்டு பிள்ளைங்க. கணக்கு மட்டும்தான் எடுக்கணும். ரெண்டு வருஷ ஒப்பந்தம், ப்ளஸ் ஒன் படிக்கிற மக அஞ்சலியையும் கூட்டிட்டுப் போலாம், ரிச்சர்ட் ஆறு மாசம் கழிச்சி வந்து சேந்துக்கலாம். "பஸ் ட்யூட்டி உண்டான்னு கேட்டேங்க்கா, அவங்களுக்கு நான் கேக்குறதே புரியல"ன்னு சொல்லிட்டு சிரிச்சா பாருங்க. அவ அப்படிச் சிரிச்சி நான் பாத்ததில்ல.

எங்க தெருவுல பாதிப் பேருக்கு இந்த அலைச்சலே கெடையாது. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை இந்தியாவுக்கு விட்டப்ப, அறுவத்திரண்டுல, அவங்க தாத்தாமாருங்க பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு கையெழுத்துப் போட்டாங்க, பேரப்பிள்ளைங்க அங்கேயும் இங்கேயும் போயிட்டு வர்றாங்க. வெரோனிகாவோட தாத்தா அன்னிக்கு கடலுக்குப் போயிட்டாரோ என்னவோ, போடல. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணன், பாரிஸ்ல இருந்து ரிடையராகி வந்தவரு, "சீஷெல்ஸ் எதுக்கு, பிரான்ஸுக்கே போக வேண்டியதுதானே?"ன்னு கேட்டாரு. என் வாயில நல்லா வந்துச்சி. வயசானவராச்சேன்னு விட்டேன்.

வேலைக்கான பர்மிட்டை அந்த ஸ்கூலே எடுத்துத் தரும். நாம அனுப்ப வேண்டியது நாலு: மெடிக்கல், போலீஸ் சான்று, அனுபவச் சான்று, அப்புறம் பட்டம். பட்டம்னா சும்மா காப்பி இல்ல. ஒரிஜினலைக் கொண்டுபோய் சென்னையில காட்டி, அதோட பின்பக்கத்துல அரசாங்க முத்திரை வாங்கணும். அப்பதான் இது நெசமான பட்டம்னு வெளிநாட்டுக்காரன் நம்புவான். எல்லாம் நவம்பர் பதினஞ்சுக்குள்ள அங்க போய்ச் சேரணும். ஜனவரியில கிளாஸ்.

மெடிக்கல் முடிஞ்சிது. போலீஸ் சான்றுக்கு வெசாரிக்க ஒருத்தர் வந்தாரு. பாஸ்போர்ட்டைப் பாத்தாரு, ஆதாரைப் பாத்தாரு, பாத்துட்டு "புருஷனை விட்டுட்டு ஏம்மா அவ்ளோ தூரம் போறே?"ங்கறாரு. அக்கம்பக்கத்து சாட்சின்னு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. "சார், புருஷன் துபாய்க்குப் போனா பொண்டாட்டியை விட்டுட்டு ஏன் போறேன்னு கேப்பீங்களா?"ன்னு கேட்டேன். மனுஷன் பேனாவை மூடித் தொறந்தாரு. வெரோனிகா என் கையைக் கிள்ளினா. சான்று வர ரெண்டு வாரம் லேட்டாச்சி, அதுக்கு என் வாயும் ஒரு காரணமா இருக்கலாம். இருந்துட்டுப் போவட்டும்.

இனி ஸ்கூல் விஷயம். செப்டம்பர்ல போய் ஒரிஜினலைக் கேட்டா. ஸ்கூலை நடத்துற கரஸ்பாண்டென்ட் ஊர்ல இல்லையாம், பீரோ சாவி அவர்கிட்டதானாம். அடுத்த வாரம் போனா. மீட்டிங்காம். மூணாவது தடவை ஆளைப் பாத்துட்டா. "கல்வியாண்டு முடியட்டும், ஏப்ரல்ல பாக்கலாம்"னுட்டாரு. ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க சார், முத்திரை குத்திட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்னு கெஞ்சியிருக்கா. அவ ராத்திரி பகலா படிச்சி வாங்கின பட்டம், அதை ரெண்டு நாள் இரவலாக் கேக்குறா. அதுக்கும் முடியாதுன்னுட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னிக்கு ரெண்டு பேரோட ரேஷன் கார்டை மாத்தி ஜெராக்ஸ் எடுத்துட்டேன்.

"ராஜினாமாவை எழுதி மூஞ்சியில விட்டெறி"ன்னு சொன்னது நான்தான். ராஜினாமா பண்ணிட்டா புடிச்சி வைக்க அவனுக்கு என்ன உரிமை இருக்குது? அவ யோசிச்சா. "அந்த வேலை நிச்சயமாகாம இதை விட்டுட்டா என்னக்கா பண்றது?"ன்னா. "பர்மிட் வந்துடும், என்னை நம்பு"ன்னேன். ரிச்சர்டும் கடைக்கு வந்து, "அக்கா சொல்றதுதான் சரி, எழுதிக் குடு"ன்னாரு. என் கம்ப்யூட்டர்லயே டைப் பண்ணி எடுத்துட்டுப் போனா.

அதுக்கப்புறமும் ஒரு மாசம் இழுத்தடிச்சாங்க. வேற டீச்சர் கெடைக்கிற வரைக்கும் கிளாஸ் எடுக்கணும், எடுத்தா. பாக்கிப் பாடத்தை முடிக்கணும், முடிச்சா. அனுபவச் சான்றுல பதினோரு வருஷத்தை "சில வருடங்கள்"னு எழுதிக் குடுத்தாங்க, திருப்பி எழுத வச்சி வாங்கினா. அங்க கிளார்க்கா இருக்குற தனிஸ்லாஸ் ஒருத்தருதான் மனுஷன். அவருதான் ஒவ்வொரு தடவையும் ஃபைலை மேல எடுத்து வச்சாரு. கடைசியில நவம்பர் பத்தாம் தேதி சாயங்காலம், எல்லா ஒரிஜினலும் ஒரு பழுப்புக் கவர்ல, ஒட்டி சீல் வச்சிக் குடுத்தாங்க. வாங்கின கையோட வீட்டுக்குப் போயி, விடிஞ்சதும் மொத பஸ்ஸுல சென்னைக்குப் போயிட்டா. எனக்கு போன்லதான் சொன்னா. கவரை நான் கண்ணால பாக்கல. ஆன்லைன் ஃபாரத்துக்கெல்லாம் அவகிட்ட இருந்த பழைய ஜெராக்ஸையே ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தோம்.

அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தா. கடைக்குள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தா. தண்ணி குடுத்தேன், குடிச்சா. "பி.எட். சர்டிபிகேட்ல முத்திரை குத்திட்டாங்கக்கா. எம்.எஸ்சி. பட்டத்துல குத்த முடியாதாம்."

"ஏன்?"

"லேமினேஷன் போட்டிருக்குதாம். பிளாஸ்டிக் மேல முத்திரை ஒட்டாதாம். பல்கலைக்கழகத்துல வேற காப்பி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

நாலு நாள் இருக்குது கெடுவுக்கு. வேற காப்பி வாங்க நாலு மாசம் ஆவும், எனக்குத் தெரியும், நானே எத்தனை பேருக்கு அந்த ஃபாரம் போட்டிருக்கேன்.

"எந்த மடையன் அதைக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டது?"

அவ மடியில இருந்த பையோட ஜிப்பை இழுத்து மூடினா.

"அந்த ஸ்கூல்காரன்தானே? பூட்டி வச்சது பத்தாதுன்னு பிளாஸ்டிக்ல வேற அடைச்சி வச்சிருக்கானா? அறிவு வேணாம்? ஒரு பட்டத்தை, கவர்னர் கையெழுத்து மாதிரி பொத்திப் பாத்துக்க வேண்டியதை, கடையில குடுத்து சூடு போட்டிருக்கான். அவன் கையில கட்டி மொளைக்க. சொல்லு, அவன்தானே?"

"விடுக்கா"ன்னா.

"அதை எடு, நான் பாக்கணும்"னேன். வீட்டுல வச்சிட்டேன்னா. பை அவ மடியிலதான் இருந்துச்சி. அது அப்ப எனக்கு ஒறைக்கல. ஆமாங்கறதுக்குத்தான் "விடுக்கா"ங்கறான்னு நெனச்சிக்கிட்டேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு, கடையைப் பூட்டிட்டு நேரா ஸ்கூலுக்குப் போனேன். ஃபீஸ் கட்டுற எடத்துல பதினஞ்சு இருவது பெத்தவங்க வரிசையில நிக்கிறாங்க. நல்லதாப் போச்சின்னு தொண்டையைத் தொறந்தேன். பதினோரு வருஷம் உழைச்சவளுக்கு நீங்க பண்ணது இதுதானான்னு கேட்டேன். சர்டிபிகேட்டைப் புடிச்சி வச்சது ஒரு தப்பு, அதைக் கெடுத்து வச்சது ரெண்டாவது தப்புன்னேன். லேமினேஷன் போடச் சொன்ன ஆள் யாரு, வெளிய வரச் சொல்லுன்னேன். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். வரிசையில இருந்த ஒரு அம்மா "ஆமாம், கேளுங்க, எங்க நாத்தனார் சர்டிபிகேட்டும் இப்படித்தான்"னு சேந்துக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ஏறிடுச்சி.

தனிஸ்லாஸ் உள்ள இருந்து வந்தாரு. கையில ஒரு பழைய ஃபைல். "அம்மா, நாங்க லேமினேஷன் போடலம்மா. சேந்த அன்னிக்கே அப்படித்தான் வந்துச்சி"ன்னாரு.

"யார்கிட்ட கதை விடறீங்க?"

"சேர்ற அன்னிக்கு ஒரிஜினலை வச்சி ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வைப்போம். பாருங்க"ன்னு பிரிச்சி, மேசை மேல வச்சி, என் பக்கமாத் திருப்பிக் காட்டினாரு. அவரு சத்தம் போட்டே சொல்லியிருக்கலாம், எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அவரு சொல்லல. வெரலை மட்டும் கீழ் மூலையில வச்சாரு.

பட்டத்தோட கீழ் மூலையில, பிளாஸ்டிக்குக்கு உள்ள வச்ச ஒரு சின்னச் சீட்டும் அந்த ஜெராக்ஸ்ல விழுந்திருந்தது. "கரீமா ஜெராக்ஸ், நெல்லித்தோப்பு. லேமினேஷன் உடனடி." கீழ எங்க பழைய லேண்ட்லைன் நம்பர்.

யா அல்லா. அந்தச் சீட்டை வெட்டி வெட்டி டப்பாவுல போட்டு வச்சது என் கைதான். ரெண்டாயிரத்துப் பதிமூணுல மெஷின் புதுசா வந்தப்ப, விளம்பரத்துக்குன்னு ஒவ்வொரு லேமினேஷனுக்குள்ளயும் ஒண்ணு வச்சி அடிச்சேன். தெருவுல ஒருத்தரையும் விடல. ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டு, கல்யாண போட்டோ, எல்லாத்தையும் புடுங்கிப் புடுங்கிப் போட்டேன். நம்ம ஊர்ல ஒரு முக்கியமான காகிதம் கையில வந்தா மொதல்ல அதை பிளாஸ்டிக்ல அடைச்சாதான் நமக்குத் தூக்கம் வரும்.

அவ பட்டமளிப்பு விழா முடிஞ்சி, லட்டு டப்பாவோட நேரா என் கடைக்குத்தான் வந்தா. "காட்டு"ன்னு வாங்கினேன். "அக்கா, அது அப்படியே இருக்கட்டுமே"ன்னு சொன்னா. இப்ப எனக்கு அச்சு அசலா ஞாபகம் வருது. "போடி, மழையில நனைஞ்சா என்ன பண்ணுவ, என் பரிசா வச்சிக்க"ன்னு மொதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு நான்தான் மெஷினுக்குள்ள விட்டேன். அது மறுபக்கம் பளபளன்னு வந்தப்ப நான்தான் கை தட்டினேன்.

ஃபைலை மூடி தனிஸ்லாஸ்கிட்ட குடுத்தேன். "மன்னிச்சிக்குங்க"ன்னேன். அந்த வரிசையைத் தாண்டி கேட்டு வரைக்கும் நடந்தது இன்னிக்கும் என் காலுக்கு ஞாபகம் இருக்குது. சர்டிபிகேட்டைப் புடிச்சி வச்ச விஷயத்துல அவங்களை நான் இன்னிக்கும் மன்னிக்கல. ஆனா அன்னிக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல.

வெரோனிகா வீட்டுக்குப் போனேன். துணி மடிச்சிக்கிட்டு இருந்தா. "தெரியுமாடி உனக்கு?"ன்னேன்.

"சென்னையில அந்தக் கவுண்டர்ல திருப்பித் தந்தப்ப பாத்தேங்க்கா."

"நேத்து அவ்ளோ நேரம் கத்தினேனே. மடையன், கட்டி மொளைக்கன்னு எல்லாம் சொன்னேனே. ஏன் வாயைத் தொறக்கல?"

அவ மடிச்ச துணியையே திருப்பி மடிச்சா. "போலீஸ்காரர்ல இருந்து ஸ்கூல்காரங்க வரைக்கும் எனக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்ட. உன்கிட்ட நான் எப்படிக்கா சண்டை போடறது?"

நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்குத் தேவலாம். நான் அங்கயே உக்காந்து அழுதேன்.

சும்மா இருக்க முடியல. மிதமான சூட்டுல இஸ்திரி போட்டா பிளாஸ்டிக் கழண்டு வரும்னு ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான். அவ பட்டத்துல கை வைக்க தைரியம் வரல. என்னோட பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்தேன். அதுவும் அதே வருஷம் நான் போட்ட லேமினேஷன்தான், அதே சீட்டோட. முதஸ்ஸிர் இஸ்திரிப் பெட்டியைப் புடிச்சாரு, நான் ஓரத்தைப் பிரிச்சேன். பிளாஸ்டிக் வந்துச்சி. அதோடயே என் மார்க்கு, என் பேரு, பள்ளிக்கூடத்து முத்திரை எல்லாம் உரிஞ்சி வந்துச்சி. மிச்சம் கையில ஒரு வெள்ளைக் காகிதம்தான். பெட்டியை அணைச்சிட்டு, அன்னிக்கே அவளோட பழைய பட்டத்தையும் கூட வச்சி, பல்கலைக்கழகத்துக்கு வேற காப்பி கேட்டு ஃபாரம் போட்டேன். சீஷெல்ஸ் ஸ்கூலுக்கு நடந்ததை எழுதிப் போட்டோம். அவங்க நல்லவங்க, ஒரு வாரம் கூடக் குடுத்தாங்க. ஒரு வாரத்துல எங்க வரும்? டிசம்பர்ல வேற டீச்சரைப் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் எடம் இருந்தா கண்டிப்பா விண்ணப்பம் போடுங்கன்னு எழுதியிருந்தாங்க.

ஜனவரியில அவ அதே ஸ்கூலுக்கே திரும்பிப் போனா. வேற வழி? கரஸ்பாண்டென்ட் பெருந்தன்மையா சேத்துக்கிட்டாராம். புது ஆளாத்தான். பதினோரு வருஷம் கணக்குலயே இல்ல. மறுபடியும் தற்காலிகம், மறுபடியும் பஸ் ட்யூட்டி. நான் சொன்ன ஒரு வார்த்தையில ராஜினாமா எழுதினவ, ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டல.

மார்ச் கடைசியில புதுப் பட்டம் தபால்ல வந்துச்சி. அன்னிக்கு சாயங்காலம் பஸ் ட்யூட்டி முடிச்சிட்டு நேரா கடைக்கு வந்தா. கடையில இப்ப ஒரு போர்டு மாட்டியிருக்கேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டுக்கு லேமினேஷன் கெடையாதுன்னு. அதையும் மீறி எவனாவது கேட்டா நான் கத்துற கத்துல பக்கத்து மெடிக்கல் ஷாப்காரரு எட்டிப் பாப்பாரு. அவ போர்டைப் படிச்சிட்டு, கவரைப் பிரிச்சி, அந்தப் பட்டத்தை எனக்கு நேரா நீட்டினா. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்.

"ஸ்கூல்ல ஒரிஜினல் எல்லாத்தையும் திருப்பி வாங்கி உள்ள வச்சிட்டாங்கக்கா. இது ஒண்ணு மட்டும் இன்னும் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல இருந்தா என்னிக்காவது கேட்டு வாங்கிடுவாங்க. சீஷெல்ஸ்ல மறுபடியும் எடம் வந்தா எனக்கு இது வேணும். நீ வச்சிரு."

"என்கிட்டயா? போயும் போயும் என்கிட்டயாடி குடுக்குற?"

"வேற யாருகிட்டக்கா குடுக்கறது?"ன்னா. கேட்டுட்டு அஞ்சலிக்கு டிபன் செய்யணும்னு கெளம்பிப் போயிட்டா.

ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்ல, ஒட்டாம, மடிக்காம, ஒரு சொட்டு சூடு படாம மேசை டிராயர்ல வச்சிருக்கேன். தெனம் கடை தொறந்ததும் மொதல்ல அதைத் திருப்பி அதோட பின்பக்கத்தைப் பாப்பேன். முத்திரை குத்த எடம் காலியாத்தான் இருக்குது.